புதைத்தவன் எங்கே?

தமிழில் புதையல் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. தொடர்கதைகளிலும் சிறுவர் நூல்களிலும் சினிமாவிலும், பூமிக்கடியில் கிடக்கும் பொன்னைத் தேடிப் போகிறவர்களை நாம் சந்தித்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஒரு கிழிந்த ஓலை, ஒரு பாழ்மண்டபம், ஒரு சுரங்கம், நடுவில் ஒரு நல்ல பாம்பு, கடைசியில் ஒரு பெட்டி. இவ்வளவு சாமான் இருந்தால் முப்பது வாரம் கதை ஓடிவிடும். ஆனால், படித்து முடித்து ஆறு மாதம் கழிந்த பிறகும் மனசில் நிற்கிற புதையல் கதை தமிழில் எது என்று யாராவது கேட்டால், கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. 1957-ல் 'புதையல்' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கியது, சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்தது. இன்று அந்தப் படத்தை நினைவுபடுத்திக்கொள்கிறவர்கள் அதன் பாட்டைத்தான் முணுமுணுக்கிறார்கள். புதையல் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை.

புதையல் என்பதே குழந்தைத்தனமான விஷயம், அதில் இலக்கியம் ஏது என்று ஒதுக்கிவிடுகிற விமரிசகர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏழை நாட்டில் புதையல் ஆசையைக் கேலி செய்வது சுலபம்; அந்த ஆசைக்குப் பின்னால் இருக்கிற பசியைப் பார்ப்பதுதான் கஷ்டம். விஷயத்தில் குற்றமில்லை. நம் கதாசிரியர்கள் கதையின் தப்பான முனையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தோண்டி எடுக்கிறவனைப் பற்றியே எழுதுகிறார்கள். புதைத்தவன் ஒருவன் இருந்தானே, அவனை மறந்துவிடுகிறார்கள்.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கே கொல்லிமலை, வடக்கே போதமலை. இரண்டுக்கும் இடைப்பட்ட தாழ்வில், ராசிபுரத்திலிருந்து ஆத்தூருக்குப் போகிற பாதையில் இருக்கிற ஊர். நாகசுர வித்வான் கிருஷ்ணனால் தமிழ்நாடு முழுவதும் பெயர் தெரிந்த ஊர். மஞ்சளும் மரவள்ளியும் விளைகிற மண். பூமிக்கடியிலிருந்து மஞ்சளைத் தோண்டி எடுத்து, வேகவைத்து, காயப்போட்டு விற்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இன்று லாரிகள் ஓடுகிற இந்த மாதிரிப் பாதைகளில் ஒரு காலத்தில் பொதி மாடுகளும் பார வண்டிகளும் போயின. இப்படிப்பட்ட பாதைகளை ஒட்டிக் கொங்கு நாடெங்கும் வழங்குகிற கதை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. யாரோ ஒரு வியாபாரி வண்டிகளோடு வந்தான். திப்பு காலத்துக் கலவரமாகவும் இருக்கலாம், வழிப்பறிக் கூட்டத்தின் பயமாகவும் இருக்கலாம். கையிலிருந்த பொன்னையெல்லாம் ஒரு கொப்பரையில் போட்டு மலையடிவாரத்தில் புதைத்தான். பாறையில் குறி வெட்டினான். போனவன் திரும்பவில்லை. அன்று முதல் அதைப் பூதம் காத்துக் கிடக்கிறது. வெற்றிலையில் மை தடவிப் பார்த்தால் தெரிகிறது. எடுக்கப் போனால் தலைச்சன் பிள்ளையைப் பலி கேட்கிறது.

இந்தக் கதையில் உயிருள்ள வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: போனவன் திரும்பவில்லை. சொல்கிறவர் அந்த இடத்தில் நிற்பதே இல்லை. அதைத் தாண்டிப் பூதத்துக்கு ஓடிவிடுகிறார். கேட்கிறவர்களும் கூடவே ஓடுகிறார்கள். அச்சில் வருகிற கதைகளும் இதையேதான் செய்கின்றன.

சரித்திரம் அப்படி ஓடுவதில்லை. நம் ஊர்களில் கிடைத்த உண்மையான புதையல்களைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையிலிருந்து கொங்கு நாட்டுக்குள் நுழைந்து, நொய்யல் கரையோடு கரூர் பக்கம் போன பழைய வியாபாரப் பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதை நெடுகிலும் ரோமாபுரிக் காசுகள் அகப்பட்டிருக்கின்றன. பொள்ளாச்சியில் 1800-ல் ஒரு பானை அகப்பட்டது. கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் 500-க்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதே ஊரில் 1931-லும் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு சக்கரவர்த்திகளின் தலை பொறித்தவை. கி.பி. 64-ல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் தரத்தைக் குறைத்துவிட்டான். அதற்குப் பிறகு அடிக்கப்பட்ட வெள்ளிக் காசு நம் பக்கம் அவ்வளவாக வரவில்லை. நம் வியாபாரிகள் காசை உரசிப் பார்த்து வாங்குகிறவர்கள் என்று இதிலிருந்து தெரிகிறது. மிளகுக்கும் துணிக்கும் நீலக் கல்லுக்கும் விலையாக வந்த காசு அது.

இப்படிப்பட்ட காசுகள் பெரும்பாலும் எப்படி வெளியே வந்தன? உழும்போது கொழுவில் இடறியும், கிணறு வெட்டும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும்தான். மை போட்டுப் பார்த்து யாரும் எடுக்கவில்லை. அந்தக் காசுகள் இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்ததற்கு எந்தப் பூதமும் காரணம் இல்லை. வைத்தவன் வந்து எடுக்கவில்லை என்பதுதான் காரணம். பத்திரமாகத் திரும்பி வந்தவன் தன் பானையை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அவன் புதையல் நமக்குக் கிடைக்காது. நமக்குக் கிடைப்பதெல்லாம் திரும்பாதவர்களின் பானைகள். அம்மை கண்டு செத்தானா, ஆற்று வெள்ளத்தில் போனானா, அம்பு தைத்து விழுந்தானா, வைத்த இடத்தின் அடையாளம் தெரியாமல் அலைந்து பைத்தியமானானா? காசில் சக்கரவர்த்தியின் முகம் இருக்கிறது. புதைத்தவன் முகம் இல்லை. அந்த முகத்தை எழுதுவதற்குத்தானே கதாசிரியன் இருக்கிறான்?

இதில் ஒரு வேடிக்கை. கதாசிரியர்கள் கேட்காத கேள்வியைச் சர்க்கார் சட்டம் கேட்கிறது. 1878-ல் இயற்றப்பட்ட இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவன் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உடனே யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது கிடையாது. இந்தப் பொருளுக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் யாராவது இருந்தால் வரலாம் என்று முதலில் கலெக்டர் விளம்பரம் செய்ய வேண்டும். நாலு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மேற்படாமல் ஒரு தேதி குறிக்க வேண்டும். நூறு வருஷத்துக்குள் புதைத்ததாக இருந்தால், புதைத்தவனோ அவன் வாரிசோ வந்து வழக்காடலாம். யாரும் வராவிட்டால்தான், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரனுக்குக் கால் பங்கும். கலெக்டர் விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்துச் சர்க்காருக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்த நாலு மாதக் காத்திருப்பை நினைத்துப் பாருங்கள். தாலுக்கா ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ், எப்போதோ செத்துப் போன ஒருவனை வரச் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தொடர்கதைகளில் எதிலும் இதற்கு ஈடான ஓர் அத்தியாயம் இல்லை.

மேல்நாட்டில் இந்த வகைக் கதையை வளர்த்தவர்கள் இதை ஓரளவு அறிந்திருந்தார்கள். எட்கார் ஆலன் போ 1843-ல் எழுதிய 'தங்க வண்டு' கதையில் சங்கேத எழுத்தைப் படித்துப் பெட்டியை எடுத்தாகிவிடுகிறது. ஆனாலும் கதை பெட்டியோடு முடிவதில்லை. குழிக்குள் கிடந்த எலும்புக்கூடுகள் யாருடையவை என்ற கேள்வியில் கொண்டுபோய் முடிக்கிறார். புதைப்பதற்குத் துணைக்கு வந்த ஆட்களாக இருக்கலாம், வேலை முடிந்ததும் அவர்களையும் அங்கேயே முடித்திருக்கலாம் என்று ஒரு ஊகம். அதைப் படித்த பிறகு அந்தப் பொன்னைத் தொட நமக்குக் கை கூசுகிறது. ஸ்டீவன்ஸன் 1883-ல் புத்தகமாக வெளியிட்ட 'புதையல் தீவு' நாவலில், படம் காட்டிய இடத்துக்கு எல்லாரும் மூச்சு வாங்க ஓடிப் போய்ப் பார்த்தால், குழி காலியாக இருக்கிறது! தீவிலே தனியாக விடப்பட்ட ஒருவன் எப்போதோ எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டான். ஸ்டீவன்ஸன் சிறுவர்களுக்காக எழுதினார். இருந்தும் அந்தக் காலிக் குழியின் முன்னால் நிற்கிற மனிதர்களின் முகங்களை அவர் காட்டுகிறார்.

இந்த இருவரையும் மிஞ்சியவர் என்று நான் நினைப்பது டிராவன் என்ற புனைபெயரில் எழுதியவரை. 'சியரா மாத்ரேயின் புதையல்' என்ற அவருடைய நாவல் ஜெர்மன் மொழியில் 1927-ல் வெளிவந்தது. 1948-ல் ஜான் ஹ்யூஸ்டன் அதைப் படமாக எடுத்தார். மெக்ஸிகோவில் மூன்று ஏழைகள் மலையேறிப் பொன் மண்ணை அரித்து எடுக்கிறார்கள். பொன் சேரச் சேர ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். கடைசியில் ஒருவன் மட்டும் கழுதைகளின் மேல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாதை வழியே வருகிறான். வழிப்பறிக்காரர்கள் அவனைக் கொன்றுவிட்டு, மூட்டையை அவிழ்த்துப் பார்த்து, வெறும் மணல் என்று எண்ணிக் கொட்டிவிடுகிறார்கள். காற்று வந்து அதை அள்ளிக்கொண்டு போகிறது. இந்த நாவலின் பலம் பொன்னைப் பற்றிய வர்ணனையில் இல்லை. கழுதையின் முதுகுப் புண்ணும், தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதும், இரவில் தூங்காமல் காவல் இருப்பதன் அலுப்பும் அதில் இருக்கின்றன. பாதை தெரிந்தவர் எழுதிய புதையல் கதை அது.

இதைச் சொன்னதும், அதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஏது என்று சிலர் கேட்கக்கூடும். பாதை இலக்கியத்தில் நாம் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். உப்பு விற்கப் போகிற உமணர்களின் வண்டி ஒன்றை உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். வண்டியோடு ஒரு கோழிக்கூடு போகிறது, உரல் போகிறது, காடி வைத்த பாத்திரம் தொங்குகிறது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறாள். ஒரு குடும்பமே சக்கரத்தின் மேல் போகிறது. புறநானூற்றில் ஔவையார், அதியமானின் மகனைப் புகழும்போது, உமணர் தங்கள் வண்டிக்கு அடியில் கட்டி வைத்திருக்கும் சேம அச்சை அவனுக்கு உவமை சொல்கிறார். மேடும் பள்ளமுமான வழியில் எங்கே அச்சு முறியுமோ என்று மாற்று அச்சு கொண்டுபோகிறவனின் கவலை அந்த ஓர் உவமையில் அடங்கியிருக்கிறது. நம் புதையல் கதைகளில் வண்டி வருகிறது. ஆனால் அச்சு முறிவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள் இல்லை. வண்டியில் வந்தவனுக்கு வீடு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

புதையலைப் பற்றியே அகநானூற்றில் மாமூலனார் பாடியிருக்கிறார். நந்த மன்னர்கள் பாடலிபுரத்தில் சேர்த்து வைத்துக் கங்கை நீருக்கடியில் மறைத்த நிதியம் அந்தக் காலத்திலேயே தமிழ்நாடு வரைக்கும் பேர்போன புதையல். அதைப் பாட்டில் எடுத்தாள்கிறவள் யார் தெரியுமா? பொருள் தேடப் போன தலைவனுக்காகக் காத்திருக்கும் பெண். என்னை விட்டுவிட்டு அவர் இவ்வளவு கொடிய வழியில் போக வேண்டுமானால், அங்கே இருப்பது அந்த நந்தர்களின் நிதியமோ என்று தோழியிடம் கேட்கிறாள். புதையலை, தேடிப் போகிறவன் கண்ணால் பார்க்காமல், வீட்டில் இருக்கிறவள் கண்ணால் பார்த்த கவி அவர். கொங்கு நாட்டு வியாபாரி திரும்பி வரவில்லை என்றால், திரும்பாதது யாரிடம்? அப்படி ஒரு வாசலில் ஒரு பெண் நின்றிருப்பாள். நம் கதைகளில் அவள் வருவதே இல்லை.

வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூர் இந்தப் புதையல் நம்பிக்கையை இரண்டு சிறுகதைகளில் எடுத்துக்கொண்டார். 'குப்ததன்' என்ற கதையில், தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் தேடிய பொன்னறைக்குள் ஒருவன் போய்ச் சேர்ந்தே விடுகிறான். சுற்றிலும் பொன். வெளியே வர வழி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வேண்டியிருப்பது வெளிச்சமும் ஆகாசமும்தான். இன்னொரு கதை, 1890-களின் தொடக்கத்தில் எழுதியது, 'சம்பத்தி சமர்ப்பணம்'. கருமி ஒருவன், பணத்தைக் காக்க ஒரு யட்சன் வேண்டும் என்று, ஊருக்கு ஓடி வந்த ஒரு சிறுவனைப் பாதாள அறைக்குள் கூட்டிப்போய், செல்வத்தையெல்லாம் அவனுக்கு ஒப்புக்கொடுக்கும் சடங்கைச் செய்துவிட்டு, மேலே மூடி மண்ணைத் தள்ளிவிடுகிறான். வீடு திரும்பினால் பிரிந்து போன மகன் வந்து நிற்கிறான். ஓடி வந்த சிறுவன், பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அவனுடைய சொந்தப் பேரன்! நம் பக்கத்தில் பூதம் தலைச்சன் பிள்ளையைக் கேட்கிறது என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு போகிறோமே, அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று தாகூர் திறந்து காட்டிவிட்டார். பேய்க்கதை போல ஆரம்பிக்கிற அந்தக் கதையில் பேய் இல்லை. ஒரு தாத்தா இருக்கிறார்.

கதைதானே, பொழுதுபோக்குக்குப் படிக்கிறோம், இதற்கு இவ்வளவு கண்டிப்பா என்று வாசகர்கள் கேட்கலாம். கதையோடு போனால் பரவாயில்லை. நம் மக்கள் கதையை மண்வெட்டியோடு படிக்கிறார்கள். தர்மபுரிப் பக்கத்தில் பிற்கால அதியமான்கள் காலத்து மைல்கற்கள் கிடைத்திருக்கின்றன. 'அதியமான் பெருவழி' என்று பெயர் வெட்டி, நாவல் தாவளத்துக்கு இத்தனை காதம் என்று எழுதியிருக்கிறது. அதோடு, படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குழிகளும் தோண்டியிருக்கிறது. பெரிய குழி ஒன்று பத்து. சிறிய குழி ஒன்று ஒன்று. இருபத்தொன்பது காதம் என்றால் பெரியது இரண்டு, சிறியது ஒன்பது. சேலம் ஜில்லாவில் ஆறகழூரிலும் 'மகதேசன் பெருவழி' என்று காஞ்சிபுரத்துக்குத் தூரம் சொல்கிற கல் ஒன்று உண்டு. எழுத்தறியாத வண்டிக்காரன் இருட்டில் தடவிப் பார்த்துக்கூட, இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு சர்க்கார் நினைத்திருக்கிறது! நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் புதையல் கதையிலேயே ஊறிய கண்ணுக்கு, குழி வெட்டிய கல் என்றால் புதையல் குறிதான். அடியில் கொப்பரை இருக்கும் என்று கல்லைப் பெயர்ப்பார்கள். போரில் செத்தவனுக்கு நட்ட நடுகல்லையும், பழங்காலத்துக் கல்திட்டையையும் இப்படியே தோண்டிச் சாய்த்திருக்கிறார்கள். அடியில் எலும்பும் பானை ஓடும்தான் அகப்படும். அவற்றை வீசி எறிந்துவிடுவார்கள். செத்தவனைப் பற்றி நமக்கு மிச்சமிருந்த ஒரே தகவல் அதோடு போயிற்று. புதைத்தவனை மறந்த கதை, புதைக்கப்பட்டவனையும் அழித்துவிடுகிறது.

அந்தப் பானை ஓட்டின் மதிப்பு என்ன என்று சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் போய்ப் பார்க்க வேண்டும். 1980-களிலிருந்து அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. கல்மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும்விட, பெயர் கீறிய பானை ஓடுகள்! இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் தன் பானை மற்றவர் பானையோடு கலந்துவிடக் கூடாதே என்று பெயரைக் கீறி வைத்த சாதாரண மனிதர்கள் அவர்கள். காசுப் பானையில் இல்லாத பெயர் சோற்றுப் பானையில் இருக்கிறது. கரூருக்கு அருகில் புகளூர்க் குன்றில், சமண முனிவர்களுக்குக் கல் படுக்கை செய்து கொடுத்தவர்களின் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி. அந்தப் பாதையில் போய்வந்த பொன் வியாபாரிகள் எத்தனையோ பேர். அவர்களில் இவன் பெயர் தெரிவதற்குக் காரணம், கொஞ்சம் பொன்னைச் செலவழித்து இன்னொருவன் படுக்க இடம் செய்து கொடுத்ததுதான். பணத்தைப் புதைத்து வைக்கிறவர்களை நல்வழி பாடிய பிற்கால ஔவையார் எவ்வளவு கடுமையாகத் திட்டுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தத் திட்டுக்கு நத்தியின் கல் படுக்கை ஒரு நல்ல உரை.

கொங்கு நாட்டார் தாங்களே உண்டாக்கிக்கொண்ட இன்னொரு பொன் கதையும் உண்டு. மைசூருக்கு வரிப்பணம் கொண்டுபோனவர்களைத் தீரன் சின்னமலை வழிமறித்தார். பணத்தைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார். எடுத்தது யார் என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை என்று போய்ச் சொல்லச் சொன்னார். 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட அந்த வீரரைப் பற்றி ஜனங்கள் இன்றைக்கும் சொல்லி மகிழ்கிற கதை இது. இதிலும் பழைய பாதை இருக்கிறது, பொன் இருக்கிறது, வழிமறிப்பு இருக்கிறது. புதையல் மட்டும் இல்லை. பணம் அன்றைக்கே கைமாறிவிட்டது. எடுத்தவன் பெயரும் கொடுத்தவன் பெயரும் ஒன்றாக இருப்பதால் கதை நிற்கிறது. பூதம் காக்கிற கொப்பரைக் கதை ஊருக்கு ஊர் இருந்தும், எதுவும் இப்படி ஒரு மனிதனின் பெயரோடு நிற்கவில்லை.

கிணற்றடியில் காசுப் பானை அகப்பட்ட குடியானவனைப் பற்றியும் எழுதலாம். கண்டெடுத்ததைக் கலெக்டருக்குச் சொல்வதா, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் உருக்கிவிடுவதா என்று அவனும் அவன் பெண்சாதியும் ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்கலாம். சொல்லிவிட்டு, நாலு மாதம் எந்த வாரிசு வந்து நிற்பானோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சாகப்போகிற கிழவர், நிலத்தில் புதையல் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள் தோண்டித் தோண்டி விளைச்சல் பெருகியது என்று ஒரு பாடப்புத்தகக் கதை இருக்கிறதே, அதையும் திரும்ப எழுதலாம். அப்பன் கடைசி வார்த்தையாகப் பொய் சொல்லிவிட்டுப் போனான் என்று தெரிந்த நாளில் அந்தப் பிள்ளைகள் என்ன பேசிக்கொண்டார்கள்? நீதிக்கதை அதைச் சொல்லாது. நாவல் சொல்ல வேண்டும்.

நம் எழுத்தாளர்களில் யாராவது ஒருவர் ராசிபுரத்திலிருந்து ஆத்தூர்ப் பாதையில் ஒரு நாள் நடந்து பார்க்கட்டும். எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே மாடு இளைக்கும், எந்தத் திருப்பத்தில் மலை நிழல் சாயங்காலத்துக்கு முன்பே வந்து விழுகிறது என்று பார்க்கட்டும். பயம் வந்தவன் எந்த இடத்தில் வண்டியை நிறுத்துவான் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து கதையை ஆரம்பிக்கலாம். கொப்பரையில் எத்தனை வராகன் இருந்தது என்று வாசகர்கள் கேட்க மாட்டார்கள். அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா என்றுதான் கேட்பார்கள்.